வாடிக் கழிவும் என் கொச்சிக்காய்த் தோட்டமும்

2022ஆம் ஆண்டு சித்திரை வருஷம் முடிந்த கையோடு 1,800 கொச்சிக்காய் (மிளகாய்)க் கன்று நட்டேன். ஆனி மாதம் முடியும்போது அதில் 700க்கு மேல் செத்துப் போயிருந்தன. மிச்சம் நின்றவையும் காய்க்கிற கோலத்தில் இல்லை. நோய் வந்து சாகவில்லை, பூச்சியும் தின்னவில்லை. நானே பார்த்துப் பார்த்துச் செய்து, மூக்கைப் பொத்திக்கொண்டு கலக்கி, என் கையாலேயே ஊற்றிய மீன் கரைசல்தான் கொன்றது. இயற்கைப் பசளைதானே, கூடிப்போனாலும் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அப்போது யாராவது ஒருவர் "பொறு, அதை ஊற்றாதே" என்று சொல்லியிருந்தால் அந்தப் போகம் தப்பியிருக்கும். அதனால்தான் வெட்கத்தைப் பார்க்காமல் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் இலங்கையில், மட்டக்களப்பின் களுதாவளைப் பக்கம். இந்தக் கரையோர மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழுக்க மணல். பூவாளியால் தண்ணீர் ஊற்றினால் திரும்பிப் பார்ப்பதற்குள் இறங்கிவிடும். போட்ட பசளையும் அதோடு சேர்ந்து கீழே போய்விடும். இந்த மணலில்தான் எங்கள் ஆட்கள் தலைமுறையாக வெற்றிலையும் கொச்சிக்காயும் கத்தரியும் செய்கிறார்கள், ஆனால் அதற்குப் பின்னால் போன மாட்டெரு எத்தனை வண்டி என்று யாரும் எண்ணிச் சொல்வதில்லை. வீட்டுக்காரர் கட்டாரில். வீட்டில் அம்மாவும், எட்டாம் வகுப்புப் படிக்கிற மகனும் நானும். 20 பேர்ச் (ஏக்கரில் எட்டில் ஒரு பங்கு) துண்டு ஒன்றை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021 மே மாதம் அரசாங்கத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். நவம்பர் கடைசியில் தடையை எடுத்தார்கள்தான், ஆனால் அடுத்த வருஷம் கடையில் யூரியா கிடைத்தாலும் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரவேண்டிய நிலை. சரி, நாமே செய்துகொள்வோம் என்று இறங்கினேன்.

யூடியூப்பில் தமிழ்நாட்டுக்காரர்கள் செய்கிற மீன் அமிலத்தைப் பார்த்தேன். ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ சர்க்கரை (நம்மூர்ச் சர்க்கரை, அதாவது வெல்லம், சீனி இல்லை), கலந்து மூடி நிழலில் வைத்தால் 21 நாளில் தேன் மாதிரி ஒரு சாறு வரும், அவ்வளவுதான் வேலை. மீனுக்கு மட்டக்களப்பில் பஞ்சமா? கடற்கரையில் கருவாடு போடுகிற வாடியில் கேட்டேன். தலை, செட்டை, குடல் எல்லாம் சேர்த்து 20 கிலோ சும்மாவே தந்தார்கள். இரண்டு பக்கட் நிறைய. எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கரை விலைதான் இடித்தது. கிலோ 500 ரூபாய் மட்டில் போய்க்கொண்டிருந்த நேரம், 20 கிலோ வாங்கினால் 10,000. அந்தக் காசுக்கு வீட்டில் இரண்டு கிழமை சமைக்கலாம். 6 கிலோ வாங்கிப் போட்டுவிட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். முதலாவது தப்பு அது. இரண்டாவது தப்பு அந்தப் பக்கட்டுக்குள்ளேயே இருந்தது, அது தெரிய எனக்கு இரண்டு மாதம் எடுத்தது.

பழைய பிளாஸ்டிக் தண்ணீர்க் கான் ஒன்றில் போட்டு மூடியை இறுக்கி வைத்தேன். ஆறாம் நாள் விடியற்காலை படீரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கான் வயிறு ஊதிக் கிடக்கிறது, மூடி வேலியடியில், குடலும் செதிலும் வாழை இலை முழுக்க. அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பக்கத்து வளவுப் பெரியப்பா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, வளவுக்குள்ள ஆரையும் கொண்டு தாட்டு வெச்சிருக்கியா? ரோட்டுவரைக்கும் மணக்குது" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவருடைய மருமகள் சிரிக்கவில்லை. அவர்களுடைய குசினி என் கானிலிருந்து பத்து அடிதான். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மீனும் சர்க்கரையும் சரிக்குச் சரி போடச் சொல்வது இனிப்புக்காக இல்லை. மீனில் இருக்கிற நீரைச் சர்க்கரைதான் வெளியே இழுக்கிறது. அழுக வைக்கிற கிருமி அந்தச் சர்க்கரைச் செறிவில் பெருக முடியாது, புளிக்க வைக்கிற கிருமிக்கு அது தோதான இடம். சர்க்கரையைக் குறைத்துத் தண்ணீரையும் விட்டால் மீன் புளிக்காது, அழுகும். மணத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். சரியாக வந்த கரைசல் புளித்த பழமும் மீனும் கலந்த மாதிரி மணக்கும், கிட்ட நின்று கிண்டலாம். கூழ்முட்டை நாற்றமோ கண்ணைக் கரிக்கிற அமோனியா நாற்றமோ வந்தால் அது பசளை இல்லை. பயிருக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் குழி வெட்டிச் சருகோடு மூடிவிடுங்கள். காசு இல்லையென்றால் மீனைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறைக்காதீர்கள். 6 கிலோ சர்க்கரைதான் இருக்கிறதா, 6 கிலோ மீனோடு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் வாளியில் கால்வாசி இடம் வெறுமையாக விட்டு, வாயைத் துணியால் கட்டி, மேலே மூடியைச் சும்மா வைத்தால் போதும். காற்று வெளியே போகவேண்டும், பச்சை ஈ உள்ளே போகக்கூடாது.

நான் அப்படியெதுவும் செய்யவில்லை. கானில் மிஞ்சியதை வேறொரு வாளிக்கு மாற்றி, 21 நாள் கணக்குப் பார்த்து வடித்தேன். மருந்தடிக்கிற 16 லீட்டர் டாங்கிக்கு எவ்வளவு விடுவது என்பதில் ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொரு கதை சொன்னது. லீட்டருக்கு 5 மில்லி என்று ஒருவர், 10 மில்லி என்று இன்னொருவர். 5 மில்லி கணக்கில் ஒரு டாங்கிக்கு 80 மில்லிதான் வரும். ஒரு தேநீர்க் கோப்பைகூட நிறையாது. இந்தச் சொட்டைக் கொண்டுபோய் என்ன நடக்கப்போகிறது என்று அரை லீட்டர் போத்தலை அப்படியே கவிழ்த்தேன். கணக்குப் பார்த்தால் ஆறு மடங்குக்கு மேல். இலைக்கும் அடித்தேன், வாளியில் கலந்து அடியிலும் ஊற்றினேன், கிழமைக்கு இரண்டு தரம். கேளுங்கள், முதல் இரண்டு கிழமை பயிர் கரும்பச்சையாக எழும்பி நின்றது! படம் எடுத்துக் கட்டாருக்கு அனுப்பினேன். "கடையில வாங்கினதை விடத் திறம்" என்று அவரும் சொன்னார். அந்தப் படம் இன்றைக்கும் போனில் கிடக்கிறது, பார்க்கத்தான் மனம் வராது.

வைகாசி பிந்திக் கச்சான் காற்று தொடங்கியது. நெருப்பு ஊதுகிற மாதிரி மேற்கிலிருந்து வருகிற காற்று. அத்தோடு மின்வெட்டு, மோட்டருக்கு ஊற்ற மண்ணெண்ணெயும் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் இறைத்ததே பெரிய காரியம். அந்த நேரத்தில்தான் அடி இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகத் தொடங்கியது. பீடி நெருப்பால் சுட்ட மாதிரி விளிம்பு மட்டும் சுருண்டு, நடுவில் பச்சை. பிறகு மேலிலைகளும். பூ எல்லாம் கொட்டிற்று. மருந்துக் கடை ஒன்றில் இலையைக் கொண்டுபோய்க் காட்டினேன், பங்கசு (பூஞ்சண நோய்) என்று சொல்லி ஒரு மருந்து தந்தார்கள், 2,900 ரூபாய். கேட்கவில்லை. அடுத்த கிழமை வேறொன்று, 4,300. இதற்கிடையில் பயிர் சோர்ந்து நிற்கிறது, சத்துக் காணாது என்று நினைத்து மீன் கரைசலை இன்னும் கூட்டினேன். நோயாளிக்கு நஞ்சை மருந்தென்று நினைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்கிய கதைதான். இரவில் நித்திரை வராது. டோர்ச் எடுத்துக்கொண்டு போய்க் கன்றுகளுக்கு நடுவில் நிற்பேன். அம்மாவுக்குச் சொன்னால் அழுவார், வீட்டுக்காரருக்குச் சொன்னால் அங்கே வேலையில் மனம் போகாது என்று எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கண்டுபிடித்தது பெரியப்பாதான். ஒருநாள் காலையில் வேலி கடந்து வந்தவர், செத்த கன்று ஒன்றின் அடியில் குந்தினார். மணலுக்கு மேல் வெள்ளையாக ஒரு படை, மெல்லிய ஆடை மாதிரி. நான் அதைப் பல நாள் கண்டிருக்கிறேன், ஏதோ பூஞ்சணம் என்று நினைத்திருந்தேன். அவர் நகத்தால் சுரண்டி எடுத்து, "வேணாம் பெரியப்பா, அதுக்குள்ள மீன் தண்ணி" என்று நான் கத்துவதற்குள் நாக்கில் வைத்துவிட்டார். துப்பிவிட்டு, "புள்ள, இது உப்பு" என்றார்.

பெற்றோல் இல்லாத காலம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். மூன்று போத்தல் கொண்டுபோனேன்: கிணற்றுத் தண்ணீர், மீன் கரைசல், பாத்தி மண். அங்கிருந்த விவசாயப் போதனாசிரியை என்னைவிட வயது குறைந்த பிள்ளை. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, உப்பு அளக்கிற பேனா மாதிரியான மீட்டரை மூன்றிலும் ஒவ்வொன்றாக வைத்தார். கிணற்றுத் தண்ணீரில் ஒரு கோளாறும் இல்லை. மற்ற இரண்டிலும் எண் ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அக்கா, மீன் எங்க எடுத்தீங்க?" "வாடியில மிஸ்." "உப்புப் போட முந்தினதா, போட்டதா?" எனக்கு நாக்கு எழும்பவில்லை. கருவாட்டு வாடிக் கழிவு. உப்புத் தொட்டிக்குப் பக்கத்திலேயே அள்ளித் தந்தது. அதை நான் ஒருதரம் கழுவக்கூட இல்லை.

அவர் விளக்கியதை என் சொல்லில் சொல்கிறேன். பயிர் வேர் தண்ணீரை உறிஞ்ச வேண்டுமென்றால் மண்ணிலுள்ள தண்ணீர் வேருக்குள் இருப்பதைவிட உப்புக் குறைந்ததாக இருக்கவேண்டும். உப்புக் கூடினால் தண்ணீர் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொச்சிக்காய் உப்பைத் தாங்காத பயிர்களில் ஒன்று. நல்ல இறைப்பு இருந்திருந்தால் மணலில் உப்பு கீழே இறங்கியிருக்கும். நான் கரைசலையும் கூட்டி, மின்வெட்டால் தண்ணீரையும் குறைத்து, மேலே கச்சானும் அடிக்க, ஈரம் ஆவியாகி உப்பு மட்டும் வேரடியில் தங்கிவிட்டது. அழுகிய மீனின் அமோனியா வேறு. உப்பே இல்லாவிட்டாலும் அந்த அளவுக்கு வேர் வெந்துதான் இருக்கும் என்றார். மருந்து ஒன்றும் வேண்டாம், நல்ல தண்ணீர் மட்டும் நிறைய விடுங்கள் என்று அனுப்பினார். கரண்ட் எந்த நேரம் வருகிறதோ அந்த நேரம், சில நாள் இரவு ஒரு மணிக்கும் எழும்பி, பத்து நாள் இறைத்தேன். மகன் தூக்கக் கலக்கத்தோடு குழாய் பிடித்தான். தண்ணீர் நிற்காது என்று நான் வாழ்நாள் முழுக்கத் திட்டிய மணல், அந்தப் பத்து நாளில் உப்பைக் கழுவிக் கீழே இறக்கித் தந்தது. களிமண்ணாக இருந்திருந்தால் இவ்வளவு கெதியாகத் தப்பியிருக்க மாட்டேன்.

கணக்கைச் சொல்கிறேன். நாற்று, உழவு, எரு, கூலி எல்லாமாக 78,000. சர்க்கரை 3,000. வீணாய்ப் போன மருந்து 7,200. முந்தின வருஷம் அதே துண்டில் 480 கிலோ பச்சைக் கொச்சிக்காய் எடுத்தேன், இந்த முறை 130 கிலோ. கிலோ 400க்குக் குறையாமல் போன நேரம், அந்த 350 கிலோவைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம். வீட்டுக்காரர் போனில் கேட்டபோது "மழையில்லாமப் போச்சு" என்று பொய் சொன்னேன். லீவில் வந்தபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் தோட்டத்துப் பக்கம் நடந்து போனார்.

பிறகு அந்த மிஸ்ஸிடம் பல தரம் போய்ப் படித்தேன். நான் தலைகீழாக விளங்கி வைத்திருந்த ஒன்றை அவர்தான் நேராக்கினார். திரவப் பசளை சோறு இல்லை, அது சொதி. சோறில்லாமல் சொதியை மட்டும் ஊற்றினால் வயிறு நிரம்பாது. உதாரணத்துக்கு ஜீவாமிர்தம்: 200 லீட்டர் பரலுக்குப் பச்சைச் சாணம் 10 கிலோ, மாட்டுச் சலம் 5 முதல் 10 லீட்டர், சர்க்கரை 2 கிலோ, பயறோ கடலையோ அரைத்த மா 2 கிலோ, இரசாயனம் படாத இடத்து மண் ஒரு பிடி. நிழலில் வைத்து, காலையும் மாலையும் கிண்டி, இரண்டு மூன்று நாளில் எடுத்து, ஒரு கிழமைக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு ஏக்கருக்கு ஒரு பரல். இதிலுள்ள நைதரசனைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கிலோ யூரியாவில் இருப்பதுகூட வராது. அப்படியென்றால் ஏன் ஊற்றுகிறோம்? மண்ணில் ஏற்கெனவே கிடக்கிற எருவையும் சருகையும் உடைத்துக் கொடுக்கிற நுண்ணுயிரைப் பெருக்கத்தான். உடைக்க ஒன்றும் இல்லாத வெறும் மணலில் அது வந்து என்ன செய்யும்? அதனால் இப்போது கன்று நடுவதற்கு முந்தியே மக்கின மாட்டெருவும் உமிக்கரியும் பாத்தியில் போகும். வேலியில் நிற்கிற கிளிசரிடியா மரத்தின் இலையை வெட்டிப் பாத்திக்கு மேல் மூடாக்காகப் போடுவேன். முதல் வருஷம் வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாம் வருஷம்தான் மணலைக் கிள்ளினால் கையில் கொஞ்சம் ஒட்டியது.

இப்போது நான் அதிகம் செய்வது கிளிசரிடியாக் கரைசல்தான், செலவே இல்லை. பசளை வந்த பழைய உரப்பையைக் கழுவி, அதற்குள் நறுக்கிய கிளிசரிடியா இலையும் சாணமும் ஒரு கல்லும் போட்டுக் கட்டி, தண்ணீர்ப் பரலுக்குள் தேயிலைப் பை மாதிரித் தாழ்த்திவிடுவேன். தினமும் ஒரு தரம் கிண்ட வேண்டும். இரண்டு கிழமையில் கறுத்த சாறு வரும், அதை வெறுந்தேநீர் நிறம் வருமட்டும் தண்ணீர் கலந்து அடியில் ஊற்றுவேன். பைக்குள் இருப்பதால் சக்கை பூவாளி வாயை அடைக்காது. மீன் கரைசலும் செய்கிறேன், சந்தையில் பச்சை மீன் வெட்டுகிற இடத்திலிருந்து எடுத்து, இரண்டு தரம் நல்ல தண்ணீரில் அலசி, சரிக்குச் சரி சர்க்கரை போட்டு, 40 நாள் விட்டு. டாங்கிக்கு 80 மில்லி, வெயில் தாழ்ந்த பிறகு, பத்து நாளுக்கு ஒருமுறை. கச்சான் பலமாக அடிக்கிற நாளில் இலைக்கு அடிப்பதே இல்லை.

எந்தக் கரைசலையும் நம்புவதற்கு முன் ஒரு பயற்றுச் சோதனை செய்கிறேன், இதை மட்டுமாவது செய்து பாருங்கள். இரண்டு கோப்பையில் ஈரத் துணி விரித்துப் பத்துப் பத்துப் பயறு. ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதுக்குப் பயிருக்கு ஊற்றப்போகிற அளவில் கலந்த கரைசல். மூன்று நாளில் இரண்டும் ஒரே மாதிரி முளைத்தால் ஊற்றலாம். கரைசல் கோப்பையில் வேர் கட்டையாகவோ நுனி பழுப்பாகவோ இருந்தால் இன்னும் தண்ணீர் கலக்க வேண்டும், முளைக்கவே இல்லையென்றால் சொல்லவே தேவையில்லை. அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் பத்துப் பயறோடு முடிந்திருக்கும். அதிலும் நேரே பயிர் முழுக்க ஊற்றாமல் ஒரு மூலையில் பத்துக் கன்றுக்கு மட்டும் விட்டு ஒரு கிழமை பார்ப்பேன். இன்னொன்று, சாணம் கலந்த எதையும் வல்லாரை, பொன்னாங்காணி மாதிரிச் சம்பலுக்குப் போகிற இலைக்கு மேல் தெளிக்காதீர்கள். சாணத்திலுள்ள கிருமி இலையில் தங்கும், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வரும். கீரைப் பாத்திக்கு மக்கின எரு மட்டும் போதும்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இலைச் சுருள் நோய் வந்தால் இந்தக் கரைசல் ஒன்றும் அதைக் கேட்காது, எத்தனை வீடியோ என்ன சொன்னாலும். நான் இயற்கைப் பசளை மட்டும்தான் என்று சத்தியம் பண்ணியவளும் இல்லை. பூக்கிற பருவத்தில் பயிர் வெளிறினால் யூரியா கொஞ்சம் போடுகிறேன், முன்பு போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது போகிறது. 2024இல் அதே 20 பேர்ச்சில் 510 கிலோ எடுத்தேன்.

பெரியப்பாவின் மருமகள் போன மாதம் வேலியடியில் நின்று, "மச்சாள், அந்த மீன் தண்ணி ஒரு போத்தல் தருவீங்களா, என்ட கத்தரிக்கு" என்று கேட்டாள். கொடுத்தேன். கூடவே மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சல் மருந்து பருக்கிய பிளாஸ்டிக் மூடி ஒன்றையும் கொடுத்தேன், 10 மில்லியில் கோடு போட்டது. டாங்கிக்கு எட்டு மூடி, எட்டுக்கு மேல் ஒன்றுகூட வேண்டாம் என்று சொல்லி, அவள் மறந்துவிடுவாள் என்று போத்தலிலும் மார்க்கரால் எழுதிவிட்டேன்.